நேர்ந்துவிட்ட மயில்

மயில் முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கவிடுவது எங்கள் குடியேற்றத்தில் யாரும் புதுமையாகப் பார்க்கிற காரியம் அல்ல. காடு வெட்டும்போது பற்றைக்குள் முட்டை அகப்படும். ஆட்களின் சத்தத்துக்குத் தாய்மயில் ஓடிவிடும். முட்டைகளைச் சாரத்து மடியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அடை கிடக்கிற கோழி இருந்தால் அதற்குக் கீழே வைப்பார்கள். இல்லாவிட்டால் அவித்துச் சாப்பிடுவார்கள். பொரிக்கிற குஞ்சுகளில் பாதி முதல் கிழமையிலேயே செத்துப்போகும். மிஞ்சியது கோழிகளோடு கொஞ்சக்காலம் திரிந்துவிட்டு, செட்டை முற்றியதும் ஒருநாள் காட்டுப்பக்கம் போய்விடும். பிறகு அதை ஒருவரும் நினைப்பதில்லை. அந்த முட்டையில் அரசாங்கத்துக்கு ஏதாவது உரித்து இருக்கும் என்று அந்த நாளில் எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் வீட்டு மயிலை நாங்கள் அப்படிப் போகவிடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். குளத்தின் கீழ் வயலும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கிடைத்தபோது எங்கள் ஒரே மகளுக்கு நாலு வயது. நான் எஸ்.எஸ்.ஸி. வரை படித்தவள். பேப்பர் வாசிப்பேன். அயலவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பேன். சட்டம் அறியாதவள் என்று என்னைச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்த சட்டம் காணி, வாய்க்கால் தண்ணீர், பிறப்பு இறப்புப் பதிவு என்பவற்றோடு நின்றுவிட்டது. பறவைக்கும் சட்டம் உண்டென்று எந்தப் பேப்பரிலும் நான் வாசித்திருக்கவில்லை.

வந்த இரண்டாம் மாரியில் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. ரோட்டெல்லாம் வெள்ளம். மாட்டுவண்டியில் கிடத்தி, மழை படாமல் மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு என்னைத் தெரியவில்லை. வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகட்டைப் பார்த்தாள். டாக்குத்தர் நாடியைப் பிடித்தார், வயிற்றை அமர்த்தினார், பொறுத்துப் பார்க்கவேண்டும் என்றார். பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை வெள்ளைச் சீலையால் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தாய் போட்ட சத்தம் அடங்க முன்னம் நான் விறாந்தையில் வடக்கே திரும்பி நின்று, நான் பிறந்த ஊர் முருகன் கோயிலை நினைத்து, பிள்ளையை எழுப்பித் தந்தால் உன் வாசலில் ஒரு மயில் கொண்டுவந்து விடுகிறேன் என்று நேர்ந்தேன். சேவல் என்று நேர்ந்திருக்கலாம். சேவலை எல்லாரும் நேர்வார்கள். என் பிள்ளை கிடந்த கிடைக்குச் சேவல் காணாது என்று பட்டது. சீலைத் தலைப்பில் ஒரு காசை முடிந்துகொண்டேன்.

அவள் எழும்பினாள். தலைமயிர் முழுதும் கொட்டி, கண்கள் உள்ளே போய், நடக்க மறந்து எழும்பினாள். ஆனால் எழும்பினாள்.

என் தாய்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்தியைச் செலுத்தி முடிக்கும்வரை அதைப்பற்றி வெளியில் வாய் திறக்கக்கூடாது. நேர்ந்தவளுக்கும் அவளுடைய புருசனுக்கும் தெரியலாம். யாருடைய உயிருக்காக நேர்ந்ததோ அவருக்குத் தெரியவே கூடாது. கடன் தீரமுன் சொன்னால் கேட்டுப் பெற்றது நில்லாது என்பார்கள். நான் படித்தவள், இதையெல்லாம் அப்படியே நம்புகிறவள் அல்ல என்று என்னைப்பற்றி நினைத்திருந்தேன். ஆனால் என் தாயார் அப்படி இருந்தார், அவருடைய தாயாரும் அப்படி இருந்தார். பிள்ளையின் உயிர் விசயத்தில் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருசம் என் கணவர் மேட்டுக்காணியின் பின் எல்லையில் பற்றை வெட்டும்போது முட்டைகளைக் கண்டார். துவாயில் பொதிந்துகொண்டு குசினி வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.  கறுப்புக் கோழி அடை கிடந்தது. அதன் முட்டைகளை எடுத்துவிட்டு மயில் முட்டைகளை வைத்தேன். கடவுளே அனுப்பியதாக நினைத்தேன். அந்த முட்டைகளைத் தொட்ட நேரத்திலேயே நாங்கள் குற்றவாளிகள் ஆகிவிட்டோம் என்று பிறகுதான் தெரியவந்தது.

மூன்று பொரித்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. ஒன்று மழையில் விறைத்துச் செத்தது. மிஞ்சிய குஞ்சை மகள் தன் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கும் புற்று உடைத்துத் தகரப்பேணியில் கறையான் கொண்டுவருவாள். அவள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்துக்கு அது படலையடியில் நிற்கும். காய்ச்சலுக்குப் பிறகு மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட அவளுக்குக் களைக்கும். மயில் அவளுடைய நடைக்கு நடந்தது. கழுத்தில் நீலம் ஏறியபோது ஆண் என்று தெரிந்தது. என் கணவர் அன்று கொஞ்சம் சிரித்தார்.

பிறகு அது பாலை மரத்தில் ஏறிப் படுக்கத் தொடங்கியது. அங்கிருந்து காட்டு மயில்களுக்குப் பதில் குரல் கொடுத்தது. போய்விடும் என்று எனக்குப் பயம் பிடித்தது. அது போனால் நான் எதைக் கொண்டுபோய் விடுவேன்? கணவர் பிடித்துக்கொள்ள, நான் கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் செட்டை இறகுகளை வெட்டினேன். மகள் அழுதாள். வெளியே போனால் நரி பிடிக்கும், அதற்காகத்தான் என்று அவளைத் தேற்றினேன்.

அயலவர்கள் கேட்டால் பிள்ளைக்கு விளையாட்டுக்கு என்று சொல்லிவந்தேன். விதானையாருக்கும் அதையே சொன்னேன். ஊர்க் காரியங்களைப் பார்க்கிற அரசாங்கத் தலைமைக்காரர் அவர்தான். ஏதோ பதிவு விசயமாகச் சைக்கிளில் வந்தவர், முற்றத்தில் மயிலைக் கண்டுவிட்டு நின்றார்.

“வாகனம் வந்திட்டுது. சுவாமி எங்கை, பின்னாலை நடந்து வாறாரோ?” என்றார்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். என்னத்துக்குப் பிள்ளை இதை வளர்க்கிறாய் என்று அவர் கேட்டபோது நேர்த்தி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, மகளைக் காட்டி, இவளின் விளையாட்டுச் சாமான் என்றேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். சட்டத்தைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மயில் பொரித்த இரண்டாம் வருசம், நேர்ந்த கோயிலின் திருவிழாவுக்குப் போவதென்று முடிவு செய்தோம். மகளுக்கு ஒன்பது வயது. கோயிலில் மற்ற மயில்கள் இருக்கும், அதுவும் அங்கே நிற்கட்டும், வருசாவருசம் போய்ப் பார்க்கலாம் என்று அவளுக்குச் சொல்லி வைத்தோம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு சம்மதித்தாள். பிரம்புக் கூடை ஒன்றில் மயிலை வைத்து மேலே வலை கட்டி, கிளிநொச்சி ஸ்டேசனுக்குப் போனோம்.

என் கணவர் எதையும் நேர்வழியில் செய்கிறவர். கூடையை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு ஏறியிருக்கலாம். அவர் பார்சல் பகுதியில் கொண்டுபோய் வைத்தார். அங்கே இருந்த கிளாக்கர் என்ன சாமான் என்று கேட்டார். மயில் என்றார் இவர். கிளாக்கரின் பேனை நின்றது. எழும்பி வந்து வலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கோழி எண்டு சொல்லியிருந்தா நான் திறந்தே பாத்திருக்கமாட்டன் அண்ணை. இப்ப சொல்லிப்போட்டியள். பின்னாலை நிக்கிறவரும் கேட்டிட்டார். நான் என்ன செய்யிறது?”

அவர் ஸ்டேசன் மாஸ்டரிடம் போனார். ஸ்டேசன் மாஸ்டர் வனவிலங்குக் கந்தோருக்கு ஆள் அனுப்பினார். ரயில் வந்தது, நின்றது, போனது. நாங்கள் பெஞ்சில் இருந்தோம். மகள் கூடைக்குள் விரலை விட்டு மயிலோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

வந்த அதிகாரி சத்தம் போடவில்லை. காக்கிச் சட்டை போட்ட, எங்கள் வயதுக்காரர். எங்களுக்குப் பக்கத்தில் இருந்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். மயில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. அதைப் பிடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். முட்டையை எடுப்பதும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கினாலும், யாரும் சும்மா தந்தாலும், வழியில் கண்டெடுத்தாலும் வித்தியாசம் இல்லை. வீட்டில் பொரித்தது என்பதாலே வீட்டுப் பறவை ஆகிவிடாது. கண்ட இடத்திலேயே விட்டுவிடவேண்டும். காயப்பட்டுக் கிடந்தால், தாயில்லாமல் நின்றால், கந்தோருக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் எழுத்தில் அனுமதி தந்தால் தவிர வீட்டில் வைக்கமுடியாது, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது.

“நல்ல மனசோடை வளத்தியள் எண்டு பாத்தாத் தெரியுது. ஆனா மனசை நான் எழுதேலாது. இதை வைச்சிருக்கிறியள் எண்டு ஆருக்காவது அறிவிச்சனீங்களோ?”

இல்லை என்றார் என் கணவர்.

“ஏன் சொல்லேல்லை?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். நேர்த்தி இன்னும் செலுத்தப்படவில்லை.  அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழும்பினார். மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர் அப்போதுதான் நினைத்திருக்க வேண்டும். அவருடைய இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கூடையை அவர் எடுத்துக்கொண்டார். என் கணவருக்கு நீதவான் கோட்டுக்கு வரும்படி கட்டளை வந்தது.

எங்களுக்காக வழக்குப் பேசப் பிரக்கிராசி ஒருவரைப் பிடித்தோம். கோட்டு விறாந்தையில் வைத்துத்தான் அவரிடம் கணவர் கோயில் விசயத்தை அரைகுறையாகச் சொன்னார். பிரக்கிராசி நெற்றியைச் சுருக்கினார். விதானையார் எதிர்ச்சாட்சிக்கு வந்திருக்கிறார், பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நீங்களே அவருக்குச் சொன்னதாகச் சொல்லப்போகிறார் என்றார்.

“கோயில் கதை இப்ப வேண்டாம். முந்தி ஒருத்தருக்கும் சொல்லாததை இப்ப சொன்னா, பிடிபட்ட பிறகு கட்டின கதை எண்டுவினம். பிள்ளை ஆசைப்பட்டு வளத்தது, குற்றம்தான் எண்டு ஒப்புக்கொள்ளுங்கோ. சின்ன அபராதத்தோடை போகும்.”

நாங்கள் சரி என்றோம். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. நேர்த்தியை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. மகளை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். வழக்குச் சாமானாக மயிலையும் அங்கே கொண்டுவந்திருந்தார்கள். அவள் பின் பெஞ்சில் இருந்து கழுத்தை நீட்டி அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் இடையிடையே தமிழில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். விதானையார் சாட்சிப் பெட்டியில் ஏறி, எங்கள் பக்கம் பாராமல், நான் சொன்னதை அப்படியே சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி மயிலெண்ணெயைப்பற்றிக் கதைத்தார். மூட்டுவாதத்துக்கு அதைத் தேடி வாங்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், விளையாட்டுக்கு வளர்த்த பறவையை ஏன் ரயிலில் அங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டார். நீதவான் எழுதிக்கொண்டார். என் கணவர் கூண்டில் தலையைக் குனிந்து நின்றார். வெய்யிலில் கறுத்த அவருடைய பின்கழுத்து எனக்குத் தெரிந்தது. எண்ணெய் காய்ச்ச மயிலைக் கொண்டுபோனவர் என்று அவரை நினைக்கிறார்கள்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆனால் நீதவான் அபராதத்தைப்பற்றிச் சொல்லிவிட்டு, பறவையை இன்றைக்கே காட்டில் கொண்டுபோய் விடும்படி சொன்னார்.

அதன் செட்டை வெட்டப்பட்டிருந்தது. மரத்தில் ஏற முடியாது. மனிதரைக் கண்டால் ஓடாது, கிட்ட வரும். பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்துக்கு அது தாங்காது. அதை நரி தின்றால் நேர்த்தி என்னவாகும்? வெட்டியதைச் சொன்னால் அது இன்னொரு குற்றம், அதுவும் என் கணவர் தலையில்தான் விழும். சொல்லாவிட்டால், நான் எந்த உயிருக்காக அதை நேர்ந்தேனோ அந்த உயிர் பின் பெஞ்சில் இருக்கிறது.

எழும்பி நின்றுவிட்டேன். யாரோ இருக்கச் சொன்னார்கள். கணவர் திரும்பினார்.

“நீர் பேசாமல் இரும்” என்றார். கெஞ்சினதுபோல இருந்தது.

நீதவான் என்னைப் பெட்டியில் ஏறச் சொன்னார். சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். செட்டையை நான்தான் வெட்டினேன், அதால் பறக்க ஏலாது என்றேன். ஏன் வெட்டினீர் என்று கேட்டார். போய்விடாமல் இருக்க என்றேன். ஏன் போகக்கூடாது என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆசுபத்திரி, பக்கத்துக் கட்டில், விறாந்தை, முடிந்த காசு, எல்லாம். பிள்ளை சாகக் கிடந்ததையும், அந்த உயிருக்கு ஈடாக இந்த மயில் என்று கடவுளோடு பேசினதையும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு வசனத்தில் முடித்தார்.

“இதை இதற்கு முன் யாருக்காவது சொன்னீரா?”

“இல்லை ஐயா. சொல்லக்கூடாது.”

“கோயில்காரருக்கு?”

“அவைக்கும் சொல்லேல்லை.”

நீதவான் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வயதானவர். கடுமையான ஆள் என்று சொல்லமாட்டேன். நான் சொல்வதைத் தாம் நம்பவில்லை என்று அவர் சொல்லவில்லை. முட்டையைக் கண்ட அன்று கந்தோரில் போய்க் கேட்டிருந்தால் அவர்கள் ஏதாவது வழி சொல்லியிருப்பார்கள், இல்லை என்றாவது சொல்லியிருப்பார்கள், அப்போது நீர் வேறொன்றை நேர்ந்திருக்கலாம் என்றார். கோயிலுக்கு என்றாலும் அனுமதி வேண்டும், அந்த அனுமதியைக் கொடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார். செட்டை வளரும்வரை கந்தோர் பொறுப்பில் வைத்திருந்து பிறகு காட்டில் விடும்படி கட்டளையை மாற்றினார். அபராதமும் கூடியது. அதைக் கட்ட ஒரு எருதை விற்கவேண்டி வந்தது.

பெட்டியால் இறங்கித் திரும்பியபோதுதான் மகளைப் பார்த்தேன். அவள் இப்போது கூடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

  வீட்டுக்கு வந்து நான் குசினியில் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்தாள்.

“அம்மா, மயிலைக் குடுக்காட்டி என்னைத் திருப்பிக் குடுக்கவேணுமோ?”

இல்லையடி குஞ்சு என்றேன். அப்படி ஒன்றும் இல்லை, விசர்க்கதை கதையாதே என்றேன். என் குரல் என் காதுக்கே பிழையாகக் கேட்டது. அவள் கெட்டிக்காரி. தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனாள்.

அடுத்த நாள் தொடக்கம் கறையான் பேணியைத் தகப்பனிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினாள். அந்த அதிகாரி நல்ல மனிதர். கந்தோருக்குப் பின்னால் கம்பி வலை அடித்த கூட்டில் மயிலை வைத்திருந்தார். என் கணவர் போனால் தீன் போட விட்டார். வந்ததும் மகள் ஒரே கேள்விதான் கேட்பாள், நல்லாய் இருக்குதோ என்று. நல்லாய் இருக்கு என்பார். அன்று இராச்சாப்பாடு அவளுக்கு இறங்கும்.

மாரி தொடங்கியபின் ஒருநாள் அவர் போனபோது கூடு வெறுமையாக இருந்தது. இரண்டு நாளாய்த் தீன் எடுக்கவில்லை, காலையில் பார்த்தபோது செத்துக் கிடந்தது என்றார் அதிகாரி. அவரும் கவலைப்பட்டார். கோயிலில் வைக்க ஒரு இறகாவது தாருங்கோ என்று என் கணவர் கேட்டிருக்கிறார். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர். செத்தாலும் அது அரசாங்கத்தினது, இறகும் அப்படித்தான், தந்தால் என்மேலும் வழக்கு வரும், உங்கள்மேலும் வரும் என்று அதிகாரி சொன்னாராம். பேணியைத் திறக்காமலே இவர் திரும்பி வந்தார்.

மகளுக்குச் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். செட்டை வளர்ந்து காட்டில் விட்டாயிற்று என்று கொஞ்ச நாளில் சொல்லலாம் என்று இருந்தோம். அதுவரைக்கும் பேணியை வாங்கிக்கொண்டு போகத்தானே வேண்டும். என் கணவர் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டு போய், வாய்க்கால் மதகடியில் கொட்டிவிட்டு, வயலுக்குப் போய்விட்டு வருவார். வந்ததும், நல்லாய் இருக்கு என்பார்.

அந்த மதகு அவளுடைய பள்ளிக்கூடப் பாதையில்தான் இருந்தது. ஒருநாள் அங்கே புற்றுமண் குவியலை அவள் கண்டாள். தான் உடைத்த மண், தான் பிடித்த கறையான், அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து தகப்பனிடம் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“எப்ப செத்தது?”

சொன்னேன். அவள் அழவில்லை. புறங்கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். ஆசுபத்திரியில் நேர்ஸ் அப்படித்தான் அவளுக்குத் தொட்டுப் பார்ப்பார். அன்று தொடக்கம் மழையில் நனைந்தால், வெய்யிலில் வந்தால், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் என்றால், அவளுடைய கை கழுத்துக்குப் போகும். சோறு குறைந்தது. நித்திரையால் எழுப்பினால் முதலில் கண்ணைத் திறக்காமல், எனக்குச் சுடுதோ அம்மா என்று கேட்பாள்.

வெள்ளியில் சின்ன மயில் ஒன்று செய்வித்துக்கொண்டு ஊர்க் கோயிலுக்குப் போனோம். ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக்கூடாததையெல்லாம் கோட்டிலேயே சொன்னவளுக்கு இனி என்ன இருக்கிறது? அவர் பரிவாகக் கேட்டார். முடியாமல் போனதை இப்படி மாற்றிச் செலுத்தலாம், கடவுள் வழக்குப் பேசுகிறவர் அல்ல என்றார். உயிருள்ள மயிலை இப்போது தாங்களும் ஏற்பதில்லை, முன்னர் ஒருவர் கொண்டுவந்து விட்டு விசாரணை வந்தது என்றும் சொன்னார். நேர்ந்த அன்றைக்கே ஒரு தபால் எழுதிக் கேட்டிருந்தால் இதே பதில் வந்திருக்கும். எழுதத் தெரியாதவளா நான்?

மகளின் கையாலேயே அதை உண்டியலில் போடுவித்தோம். விழுந்த சத்தம் கேட்டது. கோயில் வீதியில் வரும்போது கேட்டாள்.

“அதுவும் இதுவும் ஒண்டோ அம்மா?”

ஓம் என்றேன். கணவரும், ஓம் பிள்ளை, ஒண்டுதான் என்றார். அவருக்கு உண்மையிலேயே பாரம் இறங்கியிருந்தது. கச்சான் கடலைக் கடையில் நின்று அவளுக்கு ஒரு சுருள் வாங்கினார். அவள் அதைச் சுருளோடு கையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

அந்த அதிகாரிமேல் எனக்குக் கோபம் இல்லை. நீதவான்மேலும் இல்லை. எங்கள் பக்கத்தில் காடு வெட்டி வெட்டி இப்போது பற்றைகளே குறைந்துவிட்டன. அடைக்கோழியின் கீழ் வைத்தும், அவித்தும், எண்ணெய் காய்ச்சியும் நாங்கள் எத்தனையை அழித்திருப்போம் என்று யாருக்குத் தெரியும்? சட்டம் இல்லாவிட்டால் அதுவும் மிஞ்சாது. இப்போது யாராவது முட்டை கண்டோம், குஞ்சு கண்டோம் என்று வந்தால், தொடாதேயுங்கோ, அப்படியே விட்டுவிட்டுக் கந்தோருக்குச் சொல்லுங்கோ, அவர்கள் வாயால் சரி என்றாலும் எழுத்தில் வாங்குங்கோ என்கிறேன். சிலர் சிரிப்பார்கள். ஒரு மயிலுக்கு இவ்வளவு கதையோ அக்கா என்பார்கள். நேர்த்தி என்றால் முதலில் கோயிலில் கேளுங்கோ என்றும் சொல்வேன். அதை மட்டும் ஒருவரும் செய்வதில்லை. நேர்த்தியைப்பற்றி முன்கூட்டிக் கதைக்க எங்கள் சனங்களுக்கு இன்றைக்கும் வாய் வராது.

அவளுக்கு இப்போது பதினேழு வயது. இடையில் காய்ச்சல் வராமல் இல்லை. எல்லாருக்கும் வருவதுபோல வந்தது, மாறியது. ஒவ்வொரு முறையும் டாக்குத்தர் இது சும்மா காய்ச்சல் என்று சொல்வார். அவள் டாக்குத்தரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் என் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று இத்தனை வருசத்தில் நான் பழகவில்லை.

இப்போது காய்ச்சல் வந்தால் சொல்வதில்லை, மறைக்கிறாள். போன மாரியில் இரண்டு நாளாய் அடுப்படியை விட்டு நகராமல் இருந்தாள். குளிருது, அதுதான் என்றாள். தலையணைக்குக் கீழே அஸ்பிரின் குளிசை சுற்றிய தாள் கிடந்தது. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பயத்தைக் காட்டக்கூடாது என்று அவள் மறைக்கிறாள். அவளுக்குப் பயத்தைக் காட்டக்கூடாது என்று நான் கேட்காமல் இருக்கிறேன்.

காலையில் தலை பின்னிவிடும்போது மட்டும்தான் எனக்கு வழி இருக்கிறது. மயிரை ஒதுக்குவதுபோலப் புறங்கையைப் பின்கழுத்தில் ஒரு கணம் வைத்து எடுப்பேன். அவளுக்குத் தெரியும். நான் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். நான் கையை எடுத்துப் பின்னத் தொடங்கினால்தான் மூச்சை விடுவாள்.